சாட்சியில் வராத சாவு

கன்வென்ஷன் பந்தலில் சாட்சி சொல்ல ஒருவர் எழுந்து மைக்கைப் பிடித்தாரென்றால், பாதி வழியிலேயே முடிவு தெரிந்துவிடும். ஆசாரமான இந்துக் குடும்பம். வீட்டில் ஒரு சாவு. பெரும்பாலும் அப்பா, சில சமயம் கைக்குழந்தை. பைத்தியம் பிடித்தாற்போல் ஆறு மாதம். அப்புறம் ஆஸ்பத்திரி வராந்தாவிலோ பஸ்ஸிலோ யாரோ ஒருவர் கையில் வைத்த புதிய ஏற்பாடு. அழுகை, சமாதானம், அல்லேலூயா. ஐந்து நிமிடத்தில் முடிக்கச் சொல்லிப் பாஸ்டர் கண் காட்டுவார், முடிந்துவிடும். அதே ஆளின் பெரியப்பா வீட்டுக்குப் போய்க் கேட்டால் அங்கேயும் இதே கதைதான், ராகம் மட்டும் வேறு: “எழவு வீட்ல ஆள் அசந்த நேரம் பார்த்து இழுத்துட்டாங்க.” பந்தலும் பெரியப்பாவும் எதிரெதிர் கட்சி. ஆனால் சாவு வந்தது, அதனால் விசுவாசம் வந்தது என்ற ஒரு வரியில் இருவருக்கும் சண்டையே இல்லை. எனக்கு உறுத்துவது அந்த ஒற்றுமைதான்.

இந்த வரிக்கு உதாரணம் தேடுகிறவர்கள் சீக்கிரம் போய்ச் சேரும் இடம் பண்டித ரமாபாய், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெண்களுக்காக உழைத்த மராத்திச் சீர்திருத்தவாதி. அவருக்கு இருபத்து நான்கு வயது முடிவதற்குள் அப்பா, அம்மா, அக்கா, அண்ணன், கணவர் என ஐந்து பேரையும் சாவு கொண்டுபோனது. இருபத்தைந்தாவது வயதில், 1883 செப்டம்பர் 29 அன்று, இங்கிலாந்தில் ஞானஸ்நானம். இதைவிடக் கச்சிதமாக ஒரு வாழ்க்கை பொருந்துமா? பொருத்தம் இவ்வளவு கச்சிதமாக இருக்கும்போது ஒரு சின்ன வேலை செய்து பார்க்க வேண்டும். ஒரு தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் சாவுகளின் தேதி, வலப்பக்கம் அந்தந்தச் சமயத்தில் அவர் எதை நம்பினார், எதைக் கைவிட்டார் என்று எழுதிக்கொண்டே வர வேண்டும். ரமாபாய் 1907-இல் தன் சாட்சியைத் தனிப் புத்தகமாகவே எழுதியிருப்பதால் வலப்பக்கத்துக்குப் பெரும்பாலும் அவர் சொல்லே கிடைக்கிறது. நிரப்பிப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று நேராக நிற்பதில்லை.

ஒரு பிடி ஈச்சம்பழம்

ரமாபாய் பிறந்தது 1858 ஏப்ரல் 23, துங்கை, பத்திரை ஆறுகள் பிறக்கிற கங்காமூலக் காட்டில். வீட்டில் மராத்தி, வெளியே கன்னடம், படிப்பு முழுக்க சமஸ்கிருதம். அப்பா அனந்த சாஸ்திரி டோங்கரே சித்பாவன் பிராமணர். மனைவி லக்ஷ்மிபாய்க்கு சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்த குற்றத்துக்காக உடுப்பியில் பண்டிதர் சபை முன்னால் நின்று, சாஸ்திரத்தை வைத்தே வாதாட வேண்டி வந்த மனிதர். குழந்தைக்கு ஆறு மாதம் இருக்கும்போது குடும்பம் காட்டைவிட்டு இறங்கியது. பிரம்புப் பெட்டியில் வைத்துத்தான் ரமாபாயை மலையிலிருந்து இறக்கினார்கள். அதன் பிறகு வீடு என்று ஒன்று இல்லை. தலம் தலமாகப் போய்க் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து புராணம் வாசிப்பதுதான் பிழைப்பு. பாடம் அம்மாவிடம். பொழுது விடியுமுன் எழுப்பி, சுலோகம் சுலோகமாகச் சொல்லச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைப்பார். பதினெட்டாயிரம் சுலோகம் உள்ள பாகவதம் அப்படித்தான் மனப்பாடமானது.

புராணிகர் பிழைப்பு எப்படி நடக்கும் என்று தெரிந்தால்தான் அது எப்படி உடைந்தது என்பதும் புரியும். வாசிக்கிறவர் உரக்க வாசிப்பார், அவ்வளவுதான், வியாக்கியானம் கிடையாது. கோயிலுக்கு வருகிறவர்கள் நின்று கேட்டாலும் சரி, கேட்காமல் போனாலும் சரி, நமஸ்காரம் செய்து பூ, பழம், துணி, காசு என்று ஏதாவது வைத்துவிட்டுப் போவார்கள். கேட்பதே புண்ணியம், கொடுப்பது அதைவிடப் புண்ணியம். யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை என்பதில் அந்தக் குடும்பத்துக்கு ஒரு கௌரவம் இருந்தது. வந்த பணத்தில் மிச்சம் பிடித்தார்களா என்றால், இல்லை. அதையும் பிராமண போஜனத்துக்கும் தானத்துக்கும் செலவழித்தார்கள், அதுவும் புண்ணியம் என்பதால். கூலி வேலை தெரியாது, செய்வது கேவலம். இங்கிலீஷ் படிப்பு மிலேச்சத்தனம். ஆக, வரும்படிக்கு இருந்த ஒரே வாசல் ஊராரின் உபரி. பஞ்சத்தில் முதலில் அடைபடுவதும் அதுதானே.

அப்படியே ஆனது. சென்னை மாகாணத்தில் 1870-களின் முற்பாதியில் மழை பொய்த்தது. கொடுக்கிறவர்களிடமே இல்லை. கையில் இருந்ததை வைத்துத் தேவதைகளைத் திருப்தி செய்தால் நிலைமை மாறும் என்று சாஸ்திரம் சொன்னது. இருந்ததெல்லாம் அதற்குப் போனது. நகை, வெள்ளிப் பாத்திரம், கடைசியில் பித்தளையும் செம்பும். எல்லாம் தீர்ந்த பிறகு திருப்பதிப் பக்கத்துக் காட்டில் பதினொரு நாள் தண்ணீரும் இலைகளும் ஒரு பிடி ஈச்சம்பழமுமாகக் கழிந்ததை ரமாபாய் எழுதியிருக்கிறார். பட்டினியால் சாவதைவிடப் புண்ணிய தீர்த்தத்தில் இறங்கிவிடலாம் என்று அப்பா முடிவு செய்தார். அண்ணன் ஸ்ரீனிவாசன் தடுத்து, சாதியாவது கௌரவமாவது, நான் கூலிக்குப் போகிறேன் என்றான். அதற்குள் நேரம் கடந்துவிட்டது. 1874-இல் அப்பா போனார், அடுத்து அம்மா.

அம்மாவுக்கு ஒரு கவளம் கேட்டுப் பக்கத்துப் பிராமண வீட்டு வாசலில் நின்ற காட்சியை அவர் எழுதியிருக்கும் விதம் மறக்காது. பதினாறு வயதுப் பெண், பாகவதம் முழுக்க நாக்கில் இருக்கிறது, ‘கொஞ்சம் கம்பு ரொட்டி கொடுங்கள்’ என்ற வார்த்தை மட்டும் வரவில்லை. கண்ணீரைக் கண்ணிலேயே அடக்கினாள், அது மூக்கு வழியாக வழிந்தது. அண்ணன்தான் கைநீட்டி வாங்கினான். அம்மாவால் அதைச் சாப்பிட முடியவில்லை. பாடை தூக்க ஆள் கிடைக்காமல், எப்படியோ இரண்டு பிராமணர்கள் வந்தார்கள்; நாலாவது ஆள் ரமாபாய். குட்டையான பெண், தோளில் வைத்தால் பாடை சாய்ந்துவிடும். தலையில் வைத்துக்கொண்டு மூன்று மைல் நடந்தாள்.

அக்கா கிருஷ்ணாபாயும் இறந்த பிறகு அண்ணனும் தங்கையும் வடக்கே நடந்தார்கள். காசு கிடைத்த நாளில் சோறு, இல்லாத நாளில் இல்லை. ஜீலம் கரையில் ஒரு ராத்திரி போர்த்திக்கொள்ளத் துணியில்லை. புதைகுழிபோல் இரண்டு குழி தோண்டி, உள்ளே படுத்து, தலையை மட்டும் வெளியே விட்டு மணலை மூடிக்கொண்டார்கள். தாளின் வலப்பக்கத்தில் இந்த வருஷங்களுக்கு நேரே என்ன எழுதுவது? கிறிஸ்து இல்லை. ஆறுதலும் இல்லை. புத்தகத்தில் சொன்ன அத்தனையும் செய்தோம், தேவதைகள் இரங்கவில்லை என்ற கணக்குதான் இருக்கிறது. சாதி ஆசாரத்தை விடவில்லை, பூஜையை விடவில்லை. ஆனால் பழக்கத்துக்காகச் செய்ததாக அவரே சொல்கிறார். மூன்று சாவு அவரை எந்த மதத்திலும் கொண்டுசேர்க்கவில்லை. இருந்த இடத்தைக் காலிசெய்ய வைத்தது.

நாற்காலிக்கு நமஸ்காரம்

1878-இல் கல்கத்தா. இருபது வயதுப் பெண் சமஸ்கிருதத்தில் பேசுவதைக் கேட்டுப் பண்டிதர்கள் ‘பண்டிதா’, ‘சரஸ்வதி’ என்று பட்டம் கொடுத்தார்கள். கிறிஸ்தவர்கள் கூட்டம் ஒன்றுக்கும் அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தால் நம் நாட்டு மனிதர்கள் வெள்ளைக்காரர்களோடு உட்கார்ந்து டீ குடித்து பிஸ்கட் தின்கிறார்கள். கலி முற்றிவிட்டது என்று அண்ணனும் தங்கையும் நினைத்துக்கொண்டார்கள். ஜெபம் தொடங்கியதும் எல்லோரும் நாற்காலி முன்னால் முழங்காலிட்டுக் கண்ணை மூடினார்கள். சாமி விக்கிரகம் எதுவும் காணோம், ஆக நாற்காலியைத்தான் கும்பிடுகிறார்கள் என்று தோன்றியது. கையில் ஒரு சமஸ்கிருத பைபிள் கொடுத்து அனுப்பினார்கள். பாகவதத்தை மனப்பாடமாகச் சொல்கிறவருக்கு அந்த சமஸ்கிருதம் பிடிபடவில்லை. வாசித்து நேரத்தை வீணாக்க வேண்டாமென்று வைத்துவிட்டார். துக்கத்தில் இருக்கிறவர் கையில் வேதப்புத்தகம் வைத்தால் போதும் என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படிக்கலாம். மூன்று பேரைப் பறிகொடுத்தவர், படித்தவர், புத்தகமும் கையில் வந்தது. ஒன்றும் நடக்கவில்லை.

நடந்தது வேறு திசையில். பெண்களின் கடமை பற்றிப் பேசச் சொன்னதால் தர்மசாஸ்திரங்களை உட்கார்ந்து படித்தார். மற்ற விஷயங்களில் ஒன்றோடொன்று முரண்படுகிற அத்தனை நூலும், பெண் ஜாதியே கெட்டது என்பதில் மட்டும் ஒத்துப்போவதைக் கண்டார். பிரம்ம சமாஜத் தலைவர் கேசவ சந்திர சென் அவர் கையில் வேதத்தைக் கொடுத்தார். அதுவும் திருப்தி தரவில்லை. 1880-இல் டாக்காவில் அண்ணன் இறந்தான். அடுத்த சில வாரங்களில், ஜூன் 13 அன்று, பாங்கிப்பூரில் பிபின் பிஹாரி மேதாவி என்ற வங்காள வக்கீலோடு கல்யாணம். அவர் பிராமணர் இல்லை. கல்யாணம் 1872-ஆம் வருஷத்துச் சட்டப்படி நடந்தது. அந்தச் சட்டத்தில் பதிவு செய்ய வேண்டுமானால், இந்துவோ கிறிஸ்தவரோ முஸ்லிமோ பார்சியோ, பட்டியலில் உள்ள எந்த மதத்தையும் சேர்ந்தவர் இல்லை என்று அறிவிக்க வேண்டும். நாலு சாவுக்குப் பிறகு ரமாபாய் எங்கே நின்றார் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று கிடைக்காது: எந்த மதமும் இல்லை என்று அரசாங்கக் காகிதத்திலேயே இருக்கிறது.

லூக்கா சுவிசேஷம் இதற்குப் பின்னால்தான் வருகிறது, வருகிற இடமும் எதிர்பாராதது. சில்ச்சாரில் கணவர் வீட்டுப் புத்தகங்களுக்கு நடுவே வங்காளியில் ஒரு சிறு புத்தகமாக அது கிடந்தது. எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது. ஐசக் ஆலன் என்ற பாப்டிஸ்ட் மிஷனரி வீட்டுக்கு வந்து ஆதியாகமத்தை விளக்கினார். மனசுக்குச் சரியென்று பட்டால் கிறிஸ்தவளாகிவிடுவேன் என்று ரமாபாய் சொல்ல, மிஷன் பள்ளியில் படித்த கணவருக்கே கோபம் வந்து, ஆலனை இனி வரவேண்டாமென்று சொல்லப்போவதாகச் சத்தம்போட்டார். இது எழவு வீடில்லை. கல்யாணமான புதிது, 1881 ஏப்ரலில் மனோரமா பிறந்தாள். அவர் வாழ்க்கையில் மொத்தமே இருபது மாதத்துக்குச் சற்றுக் குறைவாக நீடித்த குடும்ப சந்தோஷத்துக்கு நடுவில்தான் முதல் ஈர்ப்பு. 1882 பிப்ரவரி 4 அன்று காலராவில் பிபின் பிஹாரி இறந்ததும், ‘சாவு, அதனால் விசுவாசம்’ சூத்திரப்படி மறுவாரமே ஞானஸ்நானம் நடந்திருக்க வேண்டும். தடுக்கக் கணவரும் இல்லை. ஆனால் ரமாபாய் புனேவுக்குப் போனார், ஜூன் மாதம் ஆரிய மகிளா சமாஜம் என்ற பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார், கல்விக் கமிஷன் முன்னால் பெண் டாக்டர்கள் வேண்டுமென்று சாட்சியம் சொன்னார், மராத்தியில் ஒரு புத்தகம் எழுதி அந்தப் பணத்தில் கப்பல் டிக்கெட் வாங்கினார். போவது படிக்கத்தான், மதம் மாற மாட்டேன் என்று சொல்லிவிட்டே 1883-இல் கப்பல் ஏறினார்.

வான்டேஜில் அந்தக் கோடை

கூடப் போனவர்கள் இரண்டு பேர். மகள் மனோரமா, இரண்டு வயது. தோழி ஆனந்திபாய் பகத். இங்கிலாந்தில் வான்டேஜ் என்ற ஊரில் ஆங்கிலிக்கன் கன்னிமாடம் ஒன்றில் தங்கினார்கள். ஆங்கிலமும் பைபிளும் சிஸ்டர்கள் சொல்லித்தந்தார்கள். அங்கே ஆனந்திபாய் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தங்களைக் கட்டாயமாகக் கிறிஸ்தவர்களாக்கிவிடுவார்கள் என்ற பயம் அவரைப் பிடித்திருந்தது என்றும், அந்தப் பயத்தின் வெறியில் ரமாபாயின் கழுத்தையே ஒரு ராத்திரி நெரிக்கப் பார்த்தார் என்றும் சமஸ்கிருத அறிஞர் மாக்ஸ் முல்லர் எழுதுகிறார். அதற்குப் பிறகு ஆக்ஸ்போர்டில் முல்லர் வீட்டில் தங்கியபோது ரமாபாயால் தனியாகத் தூங்க முடியவில்லை, வேலைக்காரப் பெண் ஒருத்தி கூடவே படுக்க வேண்டியிருந்தது. ஞானஸ்நானம் இதற்குச் சற்றுப் பிந்தித்தான்.

தாளின் இடப்பக்கத்தில் இது ஆறாவது பதிவு. வலப்பக்கத்தில் ஞானஸ்நானத்துக்கு மிக அருகில் நிற்கும் சாவும் இதுதான். 1907-இல் எழுதிய சாட்சியில் இது இல்லை. ஈச்சம்பழம் இருக்கிறது, மூக்கு வழியாக வந்த கண்ணீர் இருக்கிறது, மணல் குழி இருக்கிறது. ஆனந்திபாய் இல்லை. அந்தப் புத்தகத்தில் ஞானஸ்நானத்துக்கு அவர் சொல்லும் காரணம் வேறு. லண்டனில் ஃபுல்ஹாம் என்ற இடத்தில் அந்த சிஸ்டர்கள் நடத்திய இல்லத்தைப் போய்ப் பார்த்தார். ஊர் ‘கெட்டுப்போனவள்’ என்று தள்ளிவைத்த பெண்களை அங்கே வைத்துப் பராமரித்தார்கள். தர்மசாஸ்திரத்தில் அப்படிப்பட்டவளுக்கு என்ன தண்டனை என்று சுலோகத்தோடு சொல்லக்கூடியவர் ரமாபாய். இவர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள், எது செய்ய வைக்கிறது என்று கேட்டார். ஒரு சிஸ்டர் யோவான் நாலாம் அதிகாரத்தை வாசித்தார்: யாக்கோபின் கிணற்றடியில் சமாரியப் பெண். கல்கத்தாவில் சமஸ்கிருதத்தில் கிடைத்தபோது திறக்காத கதவு இங்கே திறந்தது. கூடவே, காசியில் சாஸ்திரியாக இருந்து கிறிஸ்தவரான நெகமியா கோரேயின் எழுத்து அவருடைய தர்க்கக் கேள்விகளுக்குப் பதில் சொன்னது.

ஆனந்திபாயை ஏன் எழுதவில்லை? மறைத்தார் என்று சொல்வது சுலபம். அந்த மரணத்தின் அதிர்ச்சியில்தான் மாறினார் என்று விமர்சகர்கள் முடிச்சுப் போடுவதும் சுலபம். இரண்டுமே பந்தலையும் பெரியப்பாவையும் போலப் பழைய வரிக்குள்ளேயே நிற்கின்றன. ஐந்து சாவை விவரமாகச் சொல்ல முடிந்தவரால் ஆறாவதைச் சொல்ல முடியாமல் போனதற்கு என்னுடைய வாசிப்பு இது: முதல் ஐந்தில் பஞ்சமும் காலராவும் காரணம். ஆறாவதில், இவரை நம்பிக் கடல் தாண்டி வந்தவள், இவர் எந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தாரோ அதற்குப் பயந்து செத்தாள். ‘துக்கப்பட்டேன், தேற்றப்பட்டேன்’ என்ற வாக்கியத்தில் அந்தப் பெண்ணை எந்த இடத்தில் வைப்பது? வைக்கவே முடியாத ஒன்றை வைக்காமல் விட்டது எனக்கு நேர்மையாகத்தான் படுகிறது. நம்மூர் சாட்சிகளிலும் இப்படி ஒரு ஆள் விடுபட்டிருப்பார், உற்றுக் கேட்டால் தெரியும். மதம் மாறிய மகனோடு பேச்சை நிறுத்தி அப்படியே போய்ச்சேர்ந்த அம்மா; கொள்ளி வைக்க மூத்தவன் வருவானா மாட்டானா என்று வாசலில் பேரம் நடந்த வீடு. மைக்கில் அது வராது.

லத்தீனில் எதற்கு?

ஞானஸ்நானம் ஆனதோடு எல்லாம் அடங்கிவிட்டதென்றால் அதுவும் இல்லை. சண்டை அங்கேதான் ஆரம்பம். வான்டேஜ் கன்னிமாடத்து சிஸ்டர் ஜெரால்டினுக்கும் ரமாபாய்க்கும் இடையே போன கடிதங்களைப் படித்தால், ஒரு மாமியார் மருமகள் சண்டையின் சூடு இருக்கிறது. கழுத்தில் போடச் சொன்ன சிலுவையில் லத்தீன் எழுத்து. எனக்கும் என் ஜனங்களுக்கும் புரியாத மொழி எதற்கு, பிராமணர்கள் சமஸ்கிருதத்தைத் தேவபாஷை என்பதுபோல் நீங்கள் லத்தீனை நினைக்கிறீர்களா, எழுதித்தான் ஆகவேண்டுமென்றால் சமஸ்கிருதத்தில் எழுதுங்கள் என்றார். புனிதம் என்பதால் கேட்கவில்லை, என் நாட்டின் அழகான பழைய பாஷை என்பதால் கேட்கிறேன் என்றும் சேர்த்துக்கொண்டார். மாமிசம் தொடவில்லை, சிஸ்டருக்கு அது சாதித் திமிராகத் தெரிந்தது. திரித்துவம் விளங்கவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். செல்டன்ஹாம் பெண்கள் கல்லூரியில் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்தவர் ஆண்களுக்கும் பாடம் நடத்தக் கேட்டபோது இந்தியாவில் இருந்த பிஷப்புகள் கூடாதென்றார்கள். கல்கத்தாவில் ஆண் பண்டிதர்களை உட்காரவைத்துப் பேசிய பெண் அவர். மகளை எந்த முறையில் வளர்ப்பது என்பதிலும் விடவில்லை.

எட்டு வருஷம் இப்படி. 1889-இல் பம்பாயில் விதவைப் பெண்களுக்காகச் சாரதா சதன் தொடங்கிய பிறகு, 1891 வாக்கில், ஒரு ஆங்கிலப் பாதிரியாரின் தன்வரலாற்றைப் படித்தார். பிரசங்கமெல்லாம் செய்துகொண்டிருந்தும் தான் மனம்திரும்பவே இல்லை என்று ஒருநாள் கண்டுகொண்ட மனிதர் அவர். தன் நிலையும் அதுதான், கிறிஸ்தவ மதம் கிடைத்தது, கிறிஸ்து கிடைக்கவில்லை என்று ரமாபாய் எழுதுகிறார். அவருடைய கணக்குப்படி உண்மையான தேதி இது. தாளில் இதற்கு நேரே இடப்பக்கம் பாருங்கள். சாவு எதுவும் இல்லை.

பைபிள் மொழிபெயர்ப்பு மட்டும் பாக்கி. புனேவுக்குப் பக்கத்தில் கேட்காவ் என்ற ஊரில் அவர் நடத்திய பெண்கள் இல்லம் முக்தி மிஷன். 1896-97 பஞ்சத்தில் மத்திய மாகாணத்திலிருந்து பெண்களைக் கூட்டிவந்தார், பின்னால் குஜராத்திலிருந்தும். பட்டினி கிடந்த உடம்பு எப்படியிருக்கும் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெண்களுக்கு அப்போதிருந்த மராத்தி பைபிள் எட்டவில்லை, சமஸ்கிருதச் சொல் மிகுதி. நம்மூர்த் தமிழ் பைபிளில் கடவுளை ஃபப்ரீஷியஸ் ‘பராபரன்’ என்று எழுதியதும், 1871-இல் பவர் தலைமையிலான மொழிபெயர்ப்புக் குழு ‘தேவன்’ என்று மாற்றியதும், கத்தோலிக்கர்கள் ‘சர்வேசுரன்’ என்று சொன்னதும் தெரிந்தவர்களுக்கு இந்தத் தகராறு புரியும். எபிரேயமும் கிரேக்கமும் துணையாக வைத்துக்கொண்டு, கிராமத்துப் பெண் பேசுகிற மராத்தியில் முழு பைபிளையும் திரும்பச் செய்ய உட்கார்ந்தார். சிலுவையில் சமஸ்கிருதம்தான் வேண்டுமென்று நின்ற அதே பெண், இந்தத் தடவை சமஸ்கிருதத்தை ஒவ்வொரு சொல்லாகக் களைந்தெடுத்தார். அச்சு வேலையும் முக்தியிலேயே, அந்தப் பெண்களே செய்தார்கள்.

1921 ஜூலை 24 அன்று மனோரமா இறந்தாள், நாற்பது வயது. கப்பலில் கூடப்போன இரண்டு பேரில் மீதியிருந்தவள். ரமாபாய்க்கு அறுபத்து மூன்று, காது ஏறக்குறைய கேட்காது. பைபிள் வேலை இன்னும் முடிந்திருக்கவில்லை. 1922 ஏப்ரல் 5 அன்று சாகும்வரை அதைத் திருத்திக்கொண்டிருந்தார். புத்தகம் 1924-இல் வெளிவந்தது.